பழைய இத்தாலிய வண்டிக்கு டயர்: நம் கடற்கரையில் எது தாங்கும்?

உச்சிப்புளி_848

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009-இல் செய்யப்பட்ட டுகாட்டி 848. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரில் ஒருவரிடம் வாங்கி வந்தேன். எஞ்சின் நலமாக இருக்கிறது, அதற்குள் வால்வுகளை இயக்கும் பெல்ட்டை மாற்றி ஓராண்டுதான் ஆகிறது. கவலையெல்லாம் டயரைப் பற்றித்தான்.

பின்டயரில் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. யாரிடம் காட்டினாலும் "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும்" என்கிறார்கள். ஆனால் போன மாதம் தூறலில் பாம்பன் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, இரும்பு இணைப்புப் பட்டை ஒன்றின் மேல் ஏறியதும் பின்சக்கரம் ஒரு சாண் விலகிப் போய்த் திரும்பியது. வேகம் நாற்பதுகூட இல்லை. பாலம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளங்களில் மயிரிழை போல வெடிப்புகள், சித்திரை மாதக் கண்மாய்த் தரையைச் சிறிதாக்கி வைத்தது போல. நகத்தால் அழுத்தினால் நகம்தான் மடங்குகிறது.

முன்டயரில் வாரத்துக்கு நான்கு பிஎஸ்ஐ காற்று இறங்குகிறது. பட்டன் பகுதி முழுவதும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டார்கள், பஞ்சர் இல்லை.

என் ஓட்டம் இவ்வளவுதான்: ஞாயிறு விடியற்காலையில் அரிச்சல்முனை, மாதம் ஒருமுறை மதுரை, ஆண்டுக்கு இரண்டு முறை கொடைக்கானல். நண்பர் ஒருவர் பந்தயத் திடலில் போடும் மென்ரப்பர் டயரைத்தான் இந்த வண்டிக்குப் போட வேண்டும் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_பணிமனை

தம்பி, எந்த டயர் என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் போய் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், சங்கிலி இருக்கும் பக்கமாக இருந்தால் கைவிளக்கு அடித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு டயருக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி_848

பார்த்துவிட்டேன் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்). பின்டயர் 1116. முன்டயர் 1416.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இந்த இரண்டையும் 2022-இல் ஒரு பெருநகரக் கடையில் "புது டயர்" என்று முழு விலை கொடுத்து வாங்கினேன். பளபளவென்று துடைத்து, நெகிழித்தாள் சுற்றி வைத்திருந்தார்கள். அன்றைக்கே ஆறு வயதான டயர்! கேட்கத் தெரியாமல் வாங்கி வந்து, அதன் மேல் மகளை உட்கார வைத்து இராமேசுவரம்வரை போய் வந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

கீழக்கரை_பணிமனை

நீங்கள் மட்டும் ஏமாறவில்லை தம்பி. 2020 ஜூனில் வெளிநாட்டு டயர்களை இறக்குமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதுவரை தடையில்லாமல் வந்துகொண்டிருந்த சரக்குக்கு உரிமம் வேண்டும் என்றானது. பெரிய அளவு டயர்கள் சந்தையில் சுருங்கிப்போயின. கிடங்கில் கிடந்த பழைய சரக்கெல்லாம் அப்போது விலைபோனது. அதனால்தான் எண்ணைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தொலைபேசியில் வாங்கினால், அந்த நான்கு எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

வெடிப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். ரப்பர் கலவையில் ஒருவகை மெழுகு சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக மேல்தோலுக்கு வந்து, காற்றில் உள்ள ஓசோனையும் வெயிலையும் தடுக்கிறது. வாரம் முழுக்க நிற்கும் வண்டியில் டயர் நெளிவதே இல்லை, மெழுகும் மேலே வராது. அதனால் தினமும் ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியின் டயர் சீக்கிரம் வெடிக்கும். நம்மிடம் இருக்கும் இத்தாலிய வண்டிகளில் பெரும்பாலானவை நிற்கும் வண்டிகள்தான். துபாயில் பதினான்கு ஆண்டுகள் இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். அங்கே தேய்ந்த டயரைக் கழற்றியதைவிடக் காய்ந்த டயரைக் கழற்றியதுதான் அதிகம். இங்கும் அதே வெயில், கூடவே உப்புக் காற்று. என் கணக்கில் இந்தக் கரையில் ஐந்து ஆண்டு ஆகிவிட்டால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் டயரைக் கழற்றிவிட வேண்டும்.

இந்த இரண்டு டயரோடு இனி பாலத்தில் ஏறாதீர்கள்.

தொண்டி_வளைவு

காக்கா சொன்ன வயதுக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் டயர் வகையில் நண்பரின் பக்கம் நிற்கிறேன். 848 என்பது சாய்ந்து திரும்புவதற்காகவே பிறந்த வண்டி. அதற்கு மிருதுவான ரப்பர்தான் நியாயம். நான் இருங்காட்டுக்கோட்டைத் திடலில் ஓட்டியிருக்கிறேன், அந்தப் பிடிப்பை ஒருமுறை உணர்ந்தவனுக்கு வேறு டயர் பிடிக்காது. நம் வெயிலில் தார்ச்சாலையே டயரைச் சூடாக்கிவிடுமே?

கீழக்கரை_பணிமனை

தொண்டித் தம்பி, திடலில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இவர் ஓட்டும் பாதையை நினைத்துப் பாருங்கள். உச்சிப்புளியிலிருந்து அரிச்சல்முனைவரை சாய்க்கிற மாதிரி எத்தனை வளைவு இருக்கிறது? சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையும், மதுரைக்குப் போகும் நாற்கரமும் அப்படித்தான். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும், ஓரம் புதிதாகவே இருக்கும். அப்படித் தட்டையான டயரோடு கொடைக்கானல் ஏறினால், சாய்க்கும்போது முதலில் வண்டி மறுக்கும், பிறகு விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். அந்தச் சட்டென்ற விழுச்சியில் பயந்து பிரேக்கைப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பந்தய ரப்பருக்கு இன்னொரு குணம் உண்டு. சூடாகிக் குளிர்வது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் கொஞ்சம் இறுகும். திடலில் அது தேய்ந்து முடிவதற்குள் இறுக நேரம் இல்லை. இங்கே தேயாமல் சுற்று மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெயில் என்கிறீர்கள். இவர் ஓட்டுவது விடியற்காலை, வருவதோ ஐப்பசி, கார்த்திகை மழை.

அதனால் இவருக்கு வேண்டியது நெடுந்தூர விளையாட்டு வகை டயர். நடுவில் கடினமான கலவை, ஓரங்களில் மிருதுவான கலவை. சிலிக்கா கூடுதலாக இருப்பதால் ஈரத்திலும் குளிரிலும் பிடிக்கும். மிஷெலின் ரோடு 5, ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோடுடெக் 01 எல்லாம் இந்த வகை. நம் மதுரைக்காரர்களும் இதில் இருக்கிறார்கள். வெள்ளரிப்பட்டி ஆலையை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம் யூரோகிரிப் என்ற பெயரில் ரோடுஹவுண்ட் என்ற எஃகுப் பட்டை ரேடியல் டயரைக் கொண்டுவந்திருக்கிறது. அவர்களின் வடிவமைப்பு மையம் ஒன்று மிலான் நகரில் இருக்கிறது. உங்கள் அளவில் கிடைத்தால் எண் புதிதாக இருக்கும், இறக்குமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதையும் விசாரியுங்கள்.

848-க்கு முன்னால் 120/70-17, பின்னால் 180/55-17. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பின்டயரில் 73 டபிள்யூ என்ற குறி இருக்க வேண்டும். 73 என்றால் 365 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். அந்த வேகத்தில் யாரும் போகப்போவதில்லை. ஆனால் அந்தக் குறிக்குக் குறைந்த டயரின் உள்கட்டு வேறு, இந்த வண்டியின் சட்டகத்துக்கு ஏற்றதாக இருக்காது. முன்னும் பின்னும் ஒரே வகையில், ஒரே நாளில் மாற்றுங்கள்.

தொண்டி_வளைவு

சூட்டுச் சுற்று விஷயத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை காக்கா. திடலுக்கு என்று தனியாக ஒரு ஜோடிச் சக்கரம் வைத்திருப்பவனின் கண்ணால் பேசிவிட்டேன். உச்சிப்புளிக்காரர் நீங்கள் சொன்னதையே போடட்டும்.

ஏர்வாடி_மான்ஸ்டர்

எனக்கும் ஒரு சந்தேகம். நான் வைத்திருப்பது டுகாட்டி மான்ஸ்டர் 620. மருந்துக்கடைக்கு அதில்தான் போய்வருகிறேன், ஏர்வாடியில் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே கடை திறக்கப்போகிறது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கு முன்டயர் 120/60-17. அந்த அளவில் இங்கே எதுவும் கிடைக்கவில்லை. எல்லாக் கடையிலும் 120/70 போடுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். போடலாமா?

கீழக்கரை_பணிமனை

கணக்குப் போட்டுப் பாருங்கள் சகோதரி. 120 மில்லிமீட்டர் அகலத்தில் 60 விழுக்காடு என்றால் பக்கச்சுவர் உயரம் 72. 70 விழுக்காடு என்றால் 84. முன்பக்கம் 12 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். வண்டி திரும்புவதற்குக் கொஞ்சம் சோம்பும், நேர்ச்சாலையில் நிதானமாக நிற்கும். உலகம் முழுக்கப் பலர் அப்படி மாற்றியிருக்கிறார்கள், வண்டிக்குக் கேடில்லை. ஆனால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களை மேல்தட்டில் சில மில்லிமீட்டர் மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். ஏற்றிய பிறகு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, டயர் எங்கும் தட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் டயரை மட்டும் மாற்றித் தரும் கடையில் விட வேண்டாம்.

சிங்கப்பூர்_900எஸ்எஸ்

ஊர் தேவிபட்டினம், பிழைப்பு சிங்கப்பூர். என் வண்டி 1995-ஆம் ஆண்டு டுகாட்டி 900எஸ்எஸ், கார்புரேட்டர் வண்டி. அளவைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்கிறேன்.

என் ரிம் 5.5 அங்குலம். கம்பெனி கொடுத்தது 170/60-17. பார்க்க அகலமாக இருக்கட்டும் என்று 180/55 போட்டேன். 170-இல் 60 விழுக்காடு 102 மில்லிமீட்டர், 180-இல் 55 விழுக்காடு 99. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். வண்டி கனத்துப்போனது. லேசாக இடுப்பை அசைத்தாலே திரும்பும் வண்டி, தோளைப் போட்டுத் தள்ளினால்தான் திரும்பியது. அடுத்த முறை 170/60-க்கே திரும்பிவிட்டேன். பழைய வண்டி எனக்குத் திரும்பக் கிடைத்தது. இந்த அளவுக்குத் தட்டுப்பாடு வருமோ என்ற பயம் முன்பு இருந்தது. 2013-இல் வந்த நீர்க்குளிர்ச்சி பிஎம்டபிள்யூ ஜிஎஸ் இதே அளவைப் பயன்படுத்தத் தொடங்கியதால் இப்போது எல்லா நிறுவனங்களும் செய்கின்றன.

டுகாட்டி 916 கதை இதற்கு நேர் எதிர். தம்புரீனி என்ற வடிவமைப்பாளர் வரைந்த அந்த அழகி 1994-இல் வந்தபோது 5.5 அங்குல ரிம்மில் 190/50 போட்டு அனுப்பினார்கள். அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் இழுத்துக் கட்டியது போன்ற காரியம். 190-இல் 50 விழுக்காடு 95 தான். விவரம் தெரிந்தவர்கள் அதற்கு 180/55 போடுகிறார்கள். பின்பக்கம் நான்கு மில்லிமீட்டர் உயரும், வண்டி விருப்பத்தோடு திரும்பும். ஒரே 180/55 என் வண்டியைக் கெடுத்தது, 916-ஐத் திருத்துகிறது. கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று அளவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பழைய வண்டி வாங்கும் ஆசையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைப் பார்ப்பதற்கு முன் சக்கர அளவைக் கேளுங்கள். 1986-இல் வந்த டுகாட்டி பாஸோ 750 போன்றவற்றுக்கு 16 அங்குலச் சக்கரம். அந்த அளவில் நல்ல ரேடியல் தேடுவது கடலில் ஊசி தேடுவது. பழைய மோட்டோ குஸ்ஸி லெமான்ஸ் போன்ற 18 அங்குல வண்டிகளுக்குப் பரவாயில்லை, பழங்கால வண்டிகளுக்கென்றே இன்றும் டயர் செய்கிறார்கள்.

மண்டபம்_கரைவலை

நான் வைத்திருப்பது சாதாரண 150 சிசி வண்டிதான், இருந்தாலும் இந்தச் சாலையில் முப்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். டயர் எதுவானாலும் சாலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 2017-இல் போட்ட சாலையில் ஆனி, ஆடி மாதங்களில் தெற்கிலிருந்து மணல் ஏறிக் கிடக்கும். காலையில் சூரியன் எதிரே இருப்பதால் தாரும் மணலும் ஒரே நிறமாகத் தெரியும். சாலை விளிம்பில் பாம்பு போல் நெளிந்த கோடு தெரிந்தால், முன்னால் மணல் இருக்கிறது என்று பொருள். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுக் கடந்துவிட வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று பக்கவாட்டில் அறையும். ஒரே சீராக அடித்தால் சமாளிக்கலாம், எதிரே பஸ் வந்து ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு விலகும்போதுதான் வண்டி இழுக்கும். பாலத்தின் இரும்புப் பட்டைகளை வண்டி நேராக நிற்கும்போதே தாண்ட வேண்டும். ரயில் போவதைப் பார்ப்பதற்காகப் பாதியில் நிற்கும் வண்டிகளையும் எதிர்பார்த்தே போங்கள்.

மீன் வண்டி போன தடத்தில் வடிந்த தண்ணீர் மழையைவிட வழுக்கும். அதில் மீன் நெய்யும் கலந்திருக்கிறது. வண்டிக்குப் பின்னாலேயே போகாமல் தடத்தை மாற்றி ஓட்டுங்கள்.

ஏர்வாடி_மான்ஸ்டர்

அண்ணன் சொன்னதோடு சீமைக்கருவேல முள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விறகு ஏற்றிய வண்டி போன பிறகு சாயல்குடி சாலையில் எனக்கு இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஆணி என்றால் தலை வெளியே தெரியும். இந்த முள் ரப்பருக்குள் முறிந்து அங்கேயே அடைத்துக்கொள்ளும். காற்று உடனே போகாது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் வண்டி தட்டையாக நிற்கும்.

அதனால் இருக்கைக்கு அடியில் எப்போதும் வைத்திருப்பவை: ரப்பர் திரியும் துளை ஊசியும் கொண்ட பஞ்சர் பை, பேட்டரியில் மாட்டும் சின்னக் காற்றுப் பம்பு, காற்றளவுமானி, குறடு. பம்பு கையில் இல்லாமல் முள்ளைப் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரைதான் காற்றும் இருக்கும்.

கீழக்கரை_பணிமனை

சகோதரி அருமையாகச் சொன்னார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திரி போடுவது வீடு வந்து சேர்வதற்காக. வந்ததும் டயரைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து காளான் வடிவ ஒட்டு போட வேண்டும். பக்கச்சுவரில் துளை என்றால் எந்த ஒட்டும் வேண்டாம், அந்த டயர் முடிந்தது.

உச்சிப்புளித் தம்பி, முன்டயரில் காற்று இறங்கும் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். டயரைக் கழற்றும்போது ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

உச்சிப்புளி_848

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வண்டியைச் சிறு லாரியில் ஏற்றிக் கீழக்கரைக்கே கொண்டுபோனேன். டயர் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது, ஏஞ்சல் ஜிடி 2. அனுப்புவதற்கு முன்பே எண்ணைப் படமெடுத்துக் கேட்டேன்: 3124.

காக்கா டயரைக் கழற்றியதும் என்னை அழைத்துக் காட்டினார். முன்ரிம்மின் உள்விளிம்பில், கருப்பு வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர் போல அங்கங்கே வண்ணம் கொப்பளித்து நின்றது. உப்புக் காற்று பட்டு அலுமினியம் அரித்த பொடி. டயர் அதன் மேல் உட்கார்ந்தால் எப்படி அடைக்கும்? அந்தச் சந்து வழியாகத்தான் வாரம் நான்கு பிஎஸ்ஐ போயிருக்கிறது. வால்வைக் கழற்றியபோது அடியில் இருந்த ரப்பர் வளையம் பிஸ்கட் போல நொறுங்கியது.

காக்கா அவசரப்படவில்லை. பித்தளைத் தூரிகையால் பொடியை எடுத்தார், பிறகு நயமான உப்புத்தாளை நனைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். வெள்ளி நிறம் தெரிந்ததும் துடைத்து, மெல்லிய பூச்சு கொடுத்து ஒரு இரவு காயவிட்டார். வால்வு இரண்டும் புதிது. டயரை ஏற்றும்போது ரிம்மில் கீறல் விழாமல் இருக்க நெகிழித் தகடு வைத்தார், நெம்புகோல் ரிம்மைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒற்றைக் கைச் சட்டம் என்பதால் அதற்கென்று உள்ள தாங்கியில் நிறுத்தி, அதன் பெரிய நட்டை முறுக்குமானி வைத்து இறுக்கி, பூட்டு ஊக்கைப் போட்டு, என்னையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

கீழக்கரை_பணிமனை

டயர் மாற்ற வண்டி பணிமனைக்கு வந்தால் மற்றதையும் பார்த்துவிடுவது என் பழக்கம். இவர் வண்டியில் பிரேக் எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. நம் கரையின் ஈரக்காற்றை அந்த எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மின்சுற்று இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன். பெல்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அரிச்சல்முனை போய் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் சக்கரத்தையும் சங்கிலியையும் கழுவிவிடுங்கள், அழுத்தக் குழாய் வேண்டாம், வாளித் தண்ணீர் போதும்.

முதல் 150 கிலோமீட்டர் நிதானம். டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு போக வேண்டும். காற்றை விடியற்காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். மதிய வெயிலில் அளந்துவிட்டு "அதிகமாக இருக்கிறதே" என்று திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

உச்சிப்புளி_848

மூன்று ஞாயிறு கழித்து எழுதுகிறேன். காற்று முன்னால் 33, பின்னால் 36 பிஎஸ்ஐ வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்குக் கைவிளக்கோடு அளந்து நாட்காட்டியில் குறித்தேன். 33, 33, மூன்றாவது வாரமும் 33.

நேற்று மண்டபத்தைத் தாண்டும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நழுவிய அதே இரும்புப் பட்டை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும், தீவுப் பக்கம் இறங்கத் தொடங்கும் இடம். கரைவலை அண்ணன் சொன்னபடி வண்டியை நேராக நிறுத்தி, நாற்பதில் ஏறினேன். தடக், தடக் என்று இரண்டு ஓசை. அவ்வளவுதான், வண்டி அசையவில்லை. பாம்பனில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு, இரண்டு டயரையும் கையால் தடவிப் பார்த்தேன். ஈரத்திலும் ரப்பர் விரலைப் பிடித்தது.

கழற்றிய பழைய டயர்கள் வாசலில்தான் கிடக்கின்றன. யாரும் எடுத்து மறுபடி விற்றுவிடக் கூடாது என்று பக்கச்சுவரை இன்று காலை அரம்பத்தால் அறுத்துவிட்டேன்.